வீதி வலமும் நினைவாற்றலும்

(தர்மகர்த்தா சபை உறுப்பினர், ஓய்வுபெற்ற அரசாங்க எழுதுவினைஞர்)



இம்மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, வழமைபோல ஆலய வரவு செலவைப் பற்றி நான்கு வரி எழுதிக் கொடுத்துவிடலாம் என்றே அடியேன் எண்ணியிருந்தேன். ஆனால் சென்ற மகோற்சவத்தில் நடந்த ஒரு காரியம் இன்னும் மனதில் கிடந்து உறுத்துகின்றது. வெட்கத்தை விட்டு அதையே எழுதத் துணிந்தேன்.

ஆறாம் திருவிழாப் பூசை முடிந்து பஞ்சபுராணம் ஓதும் வேளை. 25 வருடங்களுக்கு மேலாக அடியேன் ஓதி வருவது. தேவாரம், திருவாசகம் முடிந்து திருவிசைப்பா எடுத்தேன். இரண்டாம் வரியில் நின்றுவிட்டேன். அடுத்த சொல் வரவில்லை. ஐயர் கையில் பூவோடு நிற்கின்றார், சனம் நிற்கின்றது. எனக்குப் பின்னால் நின்ற அறநெறிப் பாடசாலைப் பொடியன் ஒருவன் மெதுவாக எடுத்துக் கொடுத்தான். மிச்சத்தை அவனோடு சேர்ந்து ஓதி முடித்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

அதற்குக் காரணம் எனது மூத்த தமையனார். இவ்வூரில் எந்தக் காணிக்கு எந்த வருடம் உறுதி முடிந்தது என்பதைத் தலைக்குள் வைத்திருந்த மனிதர். உத்தியோகம் முடிந்த பின் சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பவில்லை. காது மந்தம், அதனால் ஆட்களோடு கதைப்பதும் குறைந்தது. முதலில் பெயர்கள் போயின. பிறகு ஒருநாள் கோயிலுக்கு வந்தவர், முந்நூறு யார் தூரத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு வழி கேட்டார். அறளை பெயர்ந்துவிட்டது என்று ஊரிலே சொன்னார்கள். வயது போனால் அப்படித்தான் என்று அடியேனும் இருந்துவிட்டேன். கடைசிக் காலத்தில் சாப்பாடு கொண்டு போன என்னைப் பார்த்து, "நீங்கள் ஆர், ஐயா?" என்று மரியாதையாகக் கேட்டார். கூடப்பிறந்த தம்பியை அவர் அப்படி விளித்தது அதுவே முதற்தடவை.

மகோற்சவம் முடிந்த கையோடு கிளினிக்குக்குப் போனேன். ஒரு சொல்லை மறப்பது நோயல்ல, பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். பிரஷரும் சீனியும் பார்த்தார். பிறகு இரண்டு கேள்வி கேட்டார். நாளுக்கு எவ்வளவு நேரம் நடப்பீர்கள்? அண்மையில் புதிதாக என்ன படித்தீர்கள்? இரண்டுக்கும் என்னிடம் மறுமொழி இல்லை. 34 வருடம் கதிரையில் இருந்து கோவை பார்த்தவன். ஓய்வு பெற்ற பின் கதிரை மட்டுந்தான் மாறியது. பஞ்சபுராணம் ஓதுகிறேனே என்றேன். "அது சின்ன வயதில் பாடமாக்கியது, ஐயா. புதிதாக என்ன?" என்றார்.

மாம்பழக் கதையை நாமெல்லோரும் அறிவோம். முருகப் பெருமான் மயிலேறி உலகைச் சுற்றினார். பிள்ளையார் அம்மையப்பரைச் சுற்றிக் கனியைப் பெற்றார். உடலால் ஓடுவதிலும் அறிவே பெரிது என்றுதான் இக்கதைக்கு வழக்கமாகப் பொருள் சொல்லுவோம். அடியேனும் மேடைகளில் அப்படியே சொல்லியிருக்கின்றேன். இப்போது வேறொன்றும் தோன்றுகின்றது. பிள்ளையாரும் இருந்த இடத்தில் இருந்து விடை சொல்லவில்லையே! எழுந்து, சிந்தித்து, சுற்றி வந்தார். காலும் கருத்தும் சேர்ந்தே அங்கே தொழிற்பட்டன. பிள்ளையாருக்கு ஒரு சுற்றுப் போதும் என்று விதித்திருப்பது சோம்பேறிகளுக்கு வசதியாகப் போய்விட்டது என்பது வேறு கதை.

இன்றைய வைத்திய ஆராய்ச்சியும் இந்தச் சேர்க்கையைத்தான் சொல்லுகின்றது. நமது மூளையில் நினைவைப் பதிவு செய்வதற்கு ஹிப்போகாம்பஸ் என்றொரு பகுதி உண்டு. கடற்குதிரை போன்ற உருவம். வயது போகப் போக இது சுருங்கும். 2011 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 55 முதல் 80 வயது வரையான 120 பேரை எடுத்து, பாதிப் பேரை வாரத்தில் 3 நாள் 40 நிமிடம் நடக்க வைத்தார்கள். ஒரு வருடத்தில் நடந்தவர்களுக்கு அப்பகுதி 2 சதவீதம் அளவில் பெருத்திருந்தது; மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது. பின்வந்த எல்லா ஆய்வுகளிலும் இதே அளவு பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எலிகளை வைத்துச் செய்த பரிசோதனைகள் இன்னும் சுவையானவை. சக்கரத்தில் ஓடிய எலிகளின் மூளையில் புதிய நரம்புக் கலங்கள் கூடுதலாகத் தோன்றின. ஆனால் தோன்றியவற்றில் பெரும்பகுதி சில கிழமைகளில் அழிந்து போகும். புதிதாக ஒன்றைக் கற்ற எலிகளில் அவை கூடுதலாகத் தப்பி நின்றன. கமக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நடை நாற்றுப் போடுகின்றது. கல்வி அதை வேர்பிடிக்க வைக்கின்றது. நாற்று மேடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நெல் வராது. நாற்றே இல்லாமல் வயலை உழுதும் பயனில்லை. மனித மூளையிலும் முதுமையில் அப்படிக் கலங்கள் பிறக்கின்றனவா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வாதம் நடக்கின்றது. ஆயினும் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு நன்மை கண்டிருக்கின்றார்கள். பின்லாந்து தேசத்தில் 60 முதல் 77 வயது வரையான 1260 பேரை வைத்து இரண்டு வருடம் நடத்திய ஆய்வு 2015 இல் வெளிவந்தது. உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, நல்ல உணவு, பிரஷர் முதலியவற்றைக் கவனித்தல் ஆகிய எல்லாம் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களின் சிந்தனைத் திறன், வெறும் புத்திமதி மட்டும் கேட்டுப் போனவர்களைவிட மேம்பட்டிருந்தது. வெறும் புத்திமதி என்ற இடத்தில் என்னைப் போன்ற பிரசங்கிகளும் நின்று யோசிக்க வேண்டும்.

2024 இல் லான்செட் என்ற வைத்திய சஞ்சிகையின் ஆணைக்குழு, மறதி நோய்க்கு ஏதுவான, மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைச் சீர்செய்தால் உலகில் இந்நோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ பிற்போடவோ இயலும் என்பது அவர்களது மதிப்பீடு. அப்பட்டியலில் உடல் அசையாமை, பிரஷர், சீனி வருத்தம், புகைத்தல், மது, தனிமை, மனச்சோர்வு ஆகியன உண்டு. காது கேளாமையும் உண்டு. அதை வாசித்தபோது தமையனாரின் கதிரை கண்முன் வந்தது. ஒரு காது மெசின் வாங்கிக் கொடுக்க நாம் எவரும் நினைக்கவில்லை.

இனி நமது சமயத்திற்கு வருவோம். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கில் முதற்படியாகிய சரியை உடம்பால் செய்யும் தொண்டு. அப்பர் சுவாமிகள் கையில் உழவாரம் வைத்திருந்தார். கை புல்லைச் செதுக்க, நா புதிய பதிகத்தை ஆக்கியது. அவர் 81 வயது வரை வாழ்ந்தார் என்பது வழிவழி வந்த செய்தி. கயிலைக்கு நடந்தே புறப்பட்டது முதுமையில். கூட்டுவது, மெழுகுவது, பூக் கொய்து மாலை கட்டுவது, தேர்வடம் பிடிப்பது எல்லாம் நமக்கு இருந்தன. இன்று கூலிக்கு ஆள் பிடித்து வீதி துப்புரவு செய்துவிட்டு, நாம் கதிரை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கின்றோம். தேவாரமும் கைத்தொலைபேசிக்குள் போய்விட்டது. பார்த்து ஓதுவதைக் குற்றம் சொல்லவில்லை. பாடமாக்கும் வேலை மூளைக்கு இல்லாமல் போகின்றதே என்பதுதான் கவலை.

ஆலயத்துள் பிரதட்சணம் செய்யும்போது, எண்ணெய்க் குடத்தைத் தலையில் வைத்த நிறைமாதக் கர்ப்பிணி நடப்பதுபோல மெல்ல அடி வைக்க வேண்டும் என்பார்கள் பெரியோர். உள்வீதியில் அதுவே முறை. ஆனால் உடலுக்கு அது போதாது. வாரத்தில் 150 நிமிடமாவது சற்று மூச்சு வாங்கும்படி அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆகவே வீட்டிலிருந்து வரும்போதும் வெளிவீதியிலும் எட்டி நடப்போம். உள்ளே மெல்ல நடப்போம். அடியேன் இப்போது காலையில் வெளிவீதியை 7 சுற்றுச் சுற்றுகின்றேன். அரை மணித்தியாலம் செல்லும். முதல் நான்கு சுற்றில் தெரிந்த பதிகம். பிந்திய மூன்றில் அந்தக் கிழமை புதிதாக எடுத்த பாட்டு. கிழக்கு வீதியில் சரியாக வரும். மேற்கு வீதிக்குப் போனால் மறந்துவிடும். மடியில் ஒரு துண்டு எழுதி வைத்திருக்கின்றேன்.

சில எச்சரிக்கைகள். சுவீடனில் வயோதிபரைக் கவனித்து 1997 இல் எழுதியிருந்தார்கள்: நடந்துகொண்டிருக்கும்போது கதை கொடுத்தால் நின்றுவிடுகிறவர்கள் பிற்பாடு விழுவது அதிகமாம். அப்படிப்பட்டவர்கள் நடக்கும்போது நடக்கட்டும், ஓதுவதை இருந்து ஓதட்டும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைவாக இருக்கலாம். மத்தியான மணலில் வெறுங்காலோடு சுற்றிக் கொப்பளம் போட்டால் பிள்ளையாரைச் சாட்டக் கூடாது. வெய்யில் ஏறுமுன் வாருங்கள். நெஞ்சு வருத்தக்காரர் டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள். மறதி கூடிக்கொண்டு போனால் அறளை என்று சிரிக்காமல் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

சபையில் ஒரு தீர்மானம் எடுத்திருக்கின்றோம். கந்தபுராண படனத்தில் வருடாவருடம் ஒரே இருவர் வாசிக்க, பயன் சொல்ல, மற்றவர்கள் தூணிலே சாய்ந்து கேட்பது வழக்கமாகிவிட்டது. இம்முறை 60 வயதுக்கு மேற்பட்ட எவரும் முன்கூட்டியே பெயர் தந்து, ஒரு நாளைக்குப் பத்துச் செய்யுளைப் படித்து வந்து பயன் சொல்லலாம். பிழை வந்தால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமைகளில் மாலைப் பூசைக்கு முன் 5 மணிக்கு வெளிவீதியில் கூட்டாக நடை. நடக்க இயலாதவர்களுக்குத் தெற்கு வீதி மரநிழலில் வாங்கு போடப்பட்டிருக்கும்; அவர்கள் பூமாலை கட்டிக்கொண்டு, சுற்றி வருபவர்கள் விடும் சொல்லை எடுத்துக் கொடுக்கலாம். எனக்கு எடுத்துக் கொடுத்த அந்தப் பொடியனையும் வரச் சொல்லியிருக்கின்றேன். அவன் வந்தால் எனக்கு ஒரு திருவிசைப்பா சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான்.