அவன் தப்பு மட்டுந்தானா?

“அவன் ஒழுங்கா இருந்திருந்தா இந்த நிலைமை வந்திருக்குமா?” ஒரு பையன் குண்டர் கும்பலில் சேர்ந்துவிட்டான் என்றால் நம்மில் பலர் உடனே கேட்பது இதைத்தான். இது நியாயமான கேள்வியா?

நான் பொறியியல் மாணவன். ஓர் இரும்புத் தண்டு உடைந்தால் நாங்கள் அதைத் திட்டுவதில்லை. எவ்வளவு பாரம், எத்தனை முறை ஏறியது என்றுதான் பார்ப்போம். பிள்ளைகள் விஷயத்திலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவர்கள் ஃபெலிட்டி, ஆண்டா குழுவினரின் ஆய்வு 1998-இல் வெளிவந்தது. அடி உதை, பாலியல் கொடுமை, அம்மா அடிபடுவதைப் பார்ப்பது, வீட்டில் போதை என 7 வகைத் துன்பங்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சிறுவயதில் அவற்றில் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, எதையுமே அனுபவிக்காதவர்களைவிட, குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு இருந்தது.

காரணம் புரியாததல்ல. தினமும் பயத்தில் வளரும் பிள்ளையின் உடம்பு எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்தே பழகிவிடுகிறது. யாராவது முறைத்தாலே கை ஓங்கத் தோன்றும். ‘வேண்டாம், நில்’ என்று தடுக்கும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிரவோ இருபது வயது தாண்டிச் சில வருடங்கள் ஆகும்.

சனிக்கிழமைகளில் ஒரு மலிவுவிலை அடுக்குமாடியில் டியூஷன் எடுக்கிறேன். கணக்கில் கெட்டிக்காரப் பையன் ஒருவன், “அண்ணே, கிளாஸ் முடிஞ்சும் கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கவா?” என்பான். வீட்டுக்குப் போக அவனுக்குப் பயம். தோட்டத்தில் இருந்தவரை பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவராவது இப்படிப்பட்ட பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்திருப்பார். தோட்டம் போய்ப் பட்டணத்துக்கு வந்த பிறகு, “சாப்பிட்டியாடா தம்பி?” என்று முதலில் கேட்பவன் சில இடங்களில் கும்பலின் ‘அண்ணன்’தான்.

அப்போ அவன் மேல தப்பே இல்லையா? அப்படிச் சொல்லமாட்டேன். இரும்புக்கு யோசிக்கத் தெரியாது, மனிதனுக்குத் தெரியும். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். மோசமான சூழலில் வளர்ந்தவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அவர்களுக்கு உதவியவற்றில் முக்கியமானது, தாத்தா பாட்டியோ ஆசிரியரோ, நம்பிப் பேச ஒரு பெரியவர் இருந்தது.

கத்தியைத் தூக்கியதற்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டும். அதுவரை அவனுக்கென்று ஒரு ஆள்கூட இல்லாமல் போனதற்கு நாமும் பதில் சொல்ல வேண்டும். உங்கள் அடுக்குமாடியிலும் அப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருக்கலாம். பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் கொடுமை நடப்பது தெரிந்தால் 15999-க்கு, தாலியான் காசேவுக்கு, அழையுங்கள்.