அசட்டையும் தேவ சித்தமும்



பனிக்காலம் தொடங்கியதும் நம்மவர் வாயில் ஒரு வார்த்தை அடிக்கடி வரும்: "என்ன செய்வது, கார் நின்றுவிட்டது." வேலைக்குப் பிந்தினவரும், கலியாண வீட்டுக்குப் பிந்தினவரும், பூசைக்குப் பிந்தினவரும் இதையே சொல்வர், கேட்பவரும் தலையசைத்து ஏற்றுக்கொள்வர். கார் நின்றுபோவது மழை பெய்வதுபோல ஒருவர் கையிலும் இல்லாத காரியம் என்பது நம் எல்லாருடைய எண்ணம். இது மெய்தானா என்று சற்றே விசாரிப்போம். பிறரைக் குற்றஞ்சாட்டும் நோக்கம் எனக்கில்லை. முதற் குற்றவாளி இதை எழுதுகிறவனே.

மூன்று வருடங்களுக்கு முன், ஜனவரி மாதத்து இரவு ஒன்றில், நம்மவர் ஒருவருடைய தாயார் ஆஸ்பத்திரியில் அவஸ்தையாய் இருக்கிறார் என்று தொலைபேசி வந்தது. அவஸ்தைப்பூசுதலுக்கு வேண்டியவற்றை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 19 பாகை. 401ஆம் நெடுஞ்சாலையில் பாதி வழி போனதும் பற்றரி விளக்குச் சிவப்பாய் எரிந்தது. ஸ்ரியறிங் கல்லைப்போல் இறுகிற்று. சூடு காட்டும் முள் மேலேறிற்று. வண்டியை எப்படியோ வலப்பக்க ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். எஞ்சினின் பெல்ற் அறுந்திருந்தது. மின்சாரம் உண்டாக்கும் ஓல்ரனேற்றரையும், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பையும், ஸ்ரியறிங் பம்பையும் அந்த ஒரே பெல்ற்தான் சுழற்றிற்று. அது போகவே எல்லாம் ஒருங்கே போயின. எஞ்சினை ஓடவிட்டால் வெந்துபோகும். நிறுத்திவிட்டால் உள்ளே அனல் இல்லை. என் வண்டியில் ஒரு போர்வைகூடக் கிடையாது. வேறு குருவானவர் ஒருவரையும் அந்நேரம் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை.

முன்னறிவிப்பு இல்லாமலா அறுந்தது? இரண்டு கிழமையாய்க் காலைதோறும் வண்டியைக் கிளப்பும்போது அது கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. குளிரில் பழைய ரப்பர் விறைத்துச் சறுக்குவதால் எழுகிற சத்தம் அது. நான் என்ன செய்தேன்? வானொலியைச் சற்றுக் கூட்டிவைத்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் சென்று இழுவை வண்டி வந்தது. அதை ஓட்டி வந்தவர் இளைஞர். அவர் சாலைப் பக்கமாய்க் குனிந்து சங்கிலி மாட்டும்போது லொறிகள் அருகே பாய்ந்து சென்றன. ஒவ்வொன்றுக்கும் என் கார் நடுங்கிற்று. மஞ்சள் விளக்கு எரிய நிற்கும் இழுவை வண்டியைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, முடிந்தால் அடுத்த நிரைக்கு விலகவேண்டும் என்பது 2015 முதல் ஒன்ராறியோவில் சட்டம். அன்றிரவு விலகினவர் சிலரே. "முன்னமே சத்தம் போட்டிருக்குமே?" என்று அவர் கேட்டார். "போட்டது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மற்றச் சங்கிலியை மாட்டப் போனார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர, அந்த அம்மா இறந்து நாற்பது நிமிடமாயிற்று. அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் என்னைத் தேற்றினார்கள். "அது உங்கள் பிழை இல்லை, சுவாமி, தேவ சித்தம்."

குருமடத்தில் அறநெறி படித்தபோது ஒரு பாகுபாடு கற்றோம். ஒருவன் ஒரு தீமையை நேரே விரும்பாதிருக்கலாம். ஆயினும் அதைப் பிறப்பிக்கும் காரணத்தை அறிந்திருந்தும் அப்படியே விட்டுவைத்தானாகில், அத்தீமை காரணத்தில் அவனால் விரும்பப்பட்டதாய் எண்ணப்படும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவன் ஒருவரையும் கொல்ல விரும்புவதில்லை. ஆனாலும் நாம் அவனைக் குற்றமற்றவன் என்கிறோமா? அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் அசட்டையை விவேகம் என்னும் புண்ணியத்துக்கு விரோதமான பாவமாக வைத்தே ஆராய்கிறார். பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்தவன் நான். அது ஒரு பெல்ற்றைப் பற்றியும் பேசுகிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஒவ்வொரு பழுதுக்கும் மனச்சாட்சியை வதைத்தால் வாழ முடியுமா? நியாயமே. நேற்று மாற்றிய பெல்ற் இன்று அறுந்தால் அதில் குற்றமில்லை. அறியமுடியாததற்கு எவரும் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் குளிர் காருக்குச் செய்வதில் பெரும்பாகம் அறியக்கூடியது. பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையில் பற்றரியின் வலு ஏறத்தாழப் பாதியாய்க் குறையும். அதே வேளையில் எண்ணெய் தடித்துவிடுவதால் எஞ்சினைச் சுழற்ற அதிக வலு வேண்டும். ஆகவே கோடையில் தடுமாறும் பற்றரி ஜனவரியில் கைவிடும் என்பதற்குத் தீர்க்கதரிசி தேவையில்லை. மின்சாரம் இறங்கிய பற்றரி உறைந்தும் போகும். உறைந்ததற்குக் கேபிள் மாட்டினால் வெடிக்கும் அபாயமுண்டு. உறையாத் திரவத்தைச் சரிபாதி தண்ணீரோடு கலந்தால் பூச்சியத்துக்குக் கீழ் 37 பாகைவரை தாங்கும். தண்ணீர் கலவாமல் ஊற்றினால் 13 பாகையளவிலேயே உறையும்! கூடுதல் பலம் என்றெண்ணி அப்படி ஊற்றின ஒருவரை நான் அறிவேன், நல்ல மனிதர்.

ரயர் விஷயம் இவ்வளவு எளிதன்று. 7 பாகைக்குக் கீழே கோடைகால ரயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கிறது. கியூபெக்கில் 2008 முதல் பனிக்கால ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் அது அவரவர் விருப்பம். சட்டம் கேட்காததை மனச்சாட்சி கேட்குமா? கேட்கும் என்றே நினைக்கிறேன். சறுக்கும் கார் தன் சொந்தக்காரனை மட்டும் இடிப்பதில்லை. ஆயினும் இரண்டு வேலை செய்து, ஊருக்கும் பணம் அனுப்பி, வாடகையும் கட்டும் ஒருவரிடம் நான்கு ரயர் வாங்காதது பாவம் என்று சொல்ல எனக்கு நாவெழாது. முடியாததற்கு எவரும் கடமைப்பட்டவரல்லர். அவர் மெதுவாய் ஓட்டட்டும், புயல் நாளில் பஸ்ஸில் போகட்டும். நம் பங்கில் மெக்கானிக் வேலை தெரிந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள்; அவரை அவர்களிடம் அனுப்ப எனக்குத் தயக்கமில்லை. போர்வை, சவள், கேபிள், அரைத் தாங்கிக்குக் குறையாத பெற்றோல் ஆகியவற்றுக்கு மட்டும் ஏழ்மையைச் சாட்டுச் சொல்ல முடியாது.

2010 டிசெம்பரில் சார்னியாவுக்கு அருகே 402ஆம் நெடுஞ்சாலையில் முந்நூறளவு வண்டிகள் பனிப்புயலில் அகப்பட்டு, ஆட்களை மீட்க இராணுவ ஹெலிகொப்ரர்கள் வரவேண்டியதாயிற்று. அப்படி அகப்பட்டால் காரை விட்டு நடக்கத் துணியாதீர்கள். புகைக்குழாயை மூடின பனியை முதலில் அகற்றி, மணிக்குப் பத்து நிமிடம் மாத்திரம் எஞ்சினை ஓடவிட்டு, ஒரு கண்ணாடியைச் சிறிதே இறக்கி வையுங்கள். குழாய் அடைபட்டால் உள்ளே வரும் நச்சுப்புகைக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

என் காருக்குப் புதுப் பெல்ற் போட அரை மணி நேரம் போதுமாயிருந்தது. அந்த அம்மாவின் மூத்த மகன் ஞாயிறுதோறும் பூசைக்கு வருகிறார். என்னை வாசலில் கண்டால், "கார் இப்ப எப்படி, சுவாமி?" என்று கேட்பார். அன்போடுதான் கேட்கிறார்.