கதவுக்கு வெளியே இருப்பவர்

நோயாளியை விசாரிக்கச் செல்வது ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் மீதுள்ள உரிமைகளில் ஒன்று என்பதை மதறஸாவில் ஓதும் பிள்ளையும் அறியும். ஆனால், ஸலாத்துக்குப் பதில் சொல்லவும் இயலாத நிலையில் நோயாளி கிடந்தால் அந்தக் கடமை என்னவாகிறது? “இப்போது பார்க்க முடியாது” என்று வாசலில் சொன்னதும் அது நம்மை விட்டு நீங்கிவிடுகிறதா? சகோதரர்களே, இதைச் சற்றுச் சிந்திப்போம்.

நமது பெக்கான் நானாஸிலிருந்து, நோய் முற்றியவர்களை ஜொகூர் பாரு சுல்தானா அமினா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதுண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்கும் இயந்திரம் துணை நிற்கிறது. டாக்டர்களும் தாதிமாரும் இரவு பகலாக விழித்திருக்கின்றனர். வெளியே பெஞ்சில் விழித்திருக்கும் மனைவிக்கு யார் துணை? 2016 அக்டோபர் 25ஆம் நாள் அதே ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீப்பற்றி 6 நோயாளிகள் மாண்டனர். நாடு முழுதும் 6 பேர் என்று எண்ணி வருந்தியது. அவர்களுக்காகக் காத்திருந்தவர்கள் அந்த எண்ணிக்கையில் சேரவில்லை.

இந்தச் சிகிச்சை பிறந்த வரலாறே நமக்கு ஒரு பாடம். 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியது. மூச்சுவிட இயலாதவர்களுக்கு உதவப் போதிய இயந்திரங்கள் இல்லை. இப்ஸன் என்ற டாக்டரின் யோசனைப்படி, சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி நோயாளிகளுக்குக் காற்றூட்டினார்கள். ஒருவரால் ஆகாத காரியம் முறை வைத்ததால் ஆயிற்று. அந்த வேலையை இன்று இயந்திரம் செய்கிறது. வெளியே இருப்பவருக்கு மாற்று ஆள் தர எந்த இயந்திரமும் இல்லை. அது நம் பங்கு.

மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்தபோது, அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அவர்கள் துயரத்தில் மூழ்கியிருந்ததே காரணம். அவர்கள் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்கவில்லை. ஜனாஸா வீட்டுக்கு உணவனுப்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. உயிர் ஊசலாடும் நாட்களிலும் துயரம் உண்டல்லவா?

கேளாமல் உதவப் போவது கௌரவக் குறைவாகாதா என்று சிலர் கருதலாம். வியாபாரிகளாகிய நாம் அறியாததா? முகம் வாடி நிற்கும் வாடிக்கைக்காரர் கடன் கேட்கக் கூசுவார். சாமானைக் கட்டிக் கையில் கொடுத்து, “பிறகு பார்க்கலாம்” என்கிறோம். அவர் கௌரவம் காக்கப்படுகிறது. “ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்” என்று மட்டும் சொல்லிப் போவது, சுமையை அவர் தலையிலேயே திருப்பி வைப்பதாகும்.

ஆகவே, ஒருவர் அவர்களைக் காரில் அழைத்துச் செல்லட்டும். ஒருவர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பட்டும். ஒருவர் அவர்களுடைய கடையைத் திறந்து, மாலையில் கல்லாக் கணக்கை எழுதி ஒப்படைக்கட்டும். இரவில் வேறொருவர் பெஞ்சில் அமர்ந்திருந்தால் வீட்டார் சற்றே கண்ணயர்வர். காத்திருப்பவர் பெண்ணானால் நம் வீட்டுப் பெண்கள் துணை போகலாம். போகிறவர் நோயைப் பற்றித் துருவிக் கேட்கவேண்டாம். இயந்திரத்தை வைப்பதா எடுப்பதா என்று தீர்ப்புக் கூறவும் வேண்டாம். அது டாக்டரும் ஆலிமும் எடுத்துரைக்க, குடும்பத்தார் முடிவு செய்யவேண்டிய காரியம்.

ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. நோயாளிக்காக துஆச் செய்வோம். துஆ முடிந்த கையோடு, நாளை யாருடைய முறை என்பதையும் பேசி முடிவு செய்வோம்.