தலைப்பிரட்டைக்கும் நியாயம் உண்டா?



வியாதியஸ்தரைக் குணமாக்குவது புண்ணியம். சேசுநாதரே அதைச் செய்தார். அந்தப் புண்ணியத்தின் கழிவு ஓடையில் கலந்து ஒரு சிறு பிராணியை வருத்தினால், அது யார் கணக்கில் சேரும்?

நம் கொடைக்கானலில் 1983-ல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று வந்தது; அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது. காய்ச்சல் பார்க்கும் நல்ல கருவிதான். ஆனால் அதன் பாதரசம் பாம்பாறு சோலைக்குள் இறங்கிற்று. 2001-ல் ஆலை மூடப்பட்டது. 2006-ல் வெளியான ஆய்வு நம் ஏரி மீன்களிலும் பாதரசத்தைக் கண்டது.

கருவி மட்டுமல்ல, மருந்தும் அப்படியே. ஐதராபாத்தை அடுத்த படான்செருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீரை ஒரே நிலையத்தில் சுத்திகரித்து ஓடையில் விட்டார்கள். அந்த நீரில் சிப்ரோபிளாக்சசின் என்ற மருந்து லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததென்று 2007-ல் சுவீடன் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். அதை விழுங்கும் நோயாளியின் இரத்தத்திலும் அவ்வளவு இராது! பின்பு, ஆயிரம் பங்கு நீரில் இரண்டே பங்கு இக்கழிவு கலந்து தலைப்பிரட்டைகளை வளர்த்தார்கள். அவற்றின் வளர்ச்சி 40 சதவீதம் குன்றியது.

"தவளைதானே!" என்பார்க்குப் பதில் எளிது. மனிதன் மேலானவனே, ஆனால் சிருஷ்டியைச் சர்வேசுரன் அவன் கையில் ஒப்படைத்தாரேயன்றி எழுதிக் கொடுத்துவிடவில்லை. கடினமான ஆட்சேபம் வேறு. கழிவைச் சரியாகச் சுத்திகரித்தால் மாத்திரை விலை ஏறும். வெள்ளகவியில் நோயாளியை டோலி கட்டி மலையேற்றிக் கொணர்ந்த குடும்பத்துக்கு ஐந்து ரூபாயும் பாரம்தானே? அவர்களிடம் தவளையைப் பற்றிப் பேச எனக்கு வாய் எழாது.

ஆயினும் யோசியுங்கள். அந்த ஐந்து ரூபாயை யாரும் மிச்சப்படுத்தவில்லை; வாயில்லாத ஜீவன் தலையில் கட்டினார்கள். அதோடும் நிற்கவில்லை. மருந்து கலந்த நீரிலே பிழைத்த கிருமி மருந்துக்கு அடங்க மறுக்கிறது. அப்படிப்பட்ட கிருமி நாளை வெள்ளகவிக் குழந்தையைத் தொட்டால், மலிவு மாத்திரை என்ன செய்யும்? ஆலைக்காரர் தவளையைக் கொல்ல நினைக்கவில்லை, மெய்தான். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் குற்றமென்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம்.

படான்செருக் கழிவுநீரைப் பின்னர் குழாய் போட்டு மூசி ஆற்றுப் பக்கம் கொண்டுபோனார்கள். மூசியிலும் ஜீவன்கள் உண்டு.