பூட்டியவரின் பொறுப்பு

பார்க்கின்சன் நோயால் கை நடுங்கியது. டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியவில்லை. மும்பை அருகே தலோஜா சிறையில், 83 வயது பாதிரியார் ஸ்டேன் சுவாமி கேட்டது ஒரு ஸ்ட்ராவும் உறிஞ்சிக் குடிக்கும் கோப்பையும்தான். 2020 நவம்பரில் அதற்கும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. பதில் சொல்ல 20 நாள் அவகாசம் கேட்டது தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.). திருச்சி மண்ணில் பிறந்த அவர், 2021 ஜூலை 5 அன்று விசாரணைக் கைதியாகவே இறந்தார்.

வெளியே இருப்பவருக்கு மருந்து தீர்ந்தால் கடைக்குப் போகலாம். கைதி யாரிடம் போவார்?

புதுச்சேரியில் இந்தக் கேள்வி காலாப்பட்டு மத்திய சிறைக்கானது. மருந்து உடலுக்கு மட்டுமல்ல, மனதுக்கும் வேண்டும். ஒவ்வொரு யூனியன் பிரதேசத்திலும் ஒரு சிறையிலாவது மனநல சிகிச்சைப் பிரிவு வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறை மருத்துவர் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை தர வேண்டும். கைதிகளோடு உட்கார்ந்து பேசாமல் எழுதினால் அது வெறும் காகிதம்.

கோவைச் சிறையில் இருந்த மாற்றுத்திறனாளி வழக்கறிஞரின் வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தமிழகச் சிறைகளுக்கு உத்தரவிட்டது: உள்ளே வரும்போதே கைதியின் உடல்குறையைக் கேட்டறிய வேண்டும், சாய்தளமும் ஏற்ற கழிப்பறையும் வேண்டும். காலாப்பட்டுக்கு வருபவரிடமும் இதைக் கேட்டாக வேண்டும், முதல் நாளிலேயே.