பக்கத்துக் கதிரை

லண்டனில் பிறந்த என் பெறாமகள் ஸ்பெயினில் ஒரு வருடம் வேலை செய்துவிட்டு, சென்ற கார்த்திகையில் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான மயிலிட்டிக்கு வந்தாள். ஸ்பெயினில் என்ன வேலை என்று அயலட்டை கேட்டபோது, "பள்ளிக்கூடத்தில இங்கிலிஸ் ரீச்சர்" என்றேன். அவள் உடனே மறித்தாள். "ரீச்சர் இல்லை, சித்தப்பா. ரீச்சருக்குப் பக்கத்தில நிக்கிற ஆள்."

அந்த வேலைக்கு அங்கே உரையாடல் உதவியாளர் என்று பெயர். ஒக்ரோபரில் தொடங்கி மே மாதத்தோடு முடியும். வாரத்துக்கு 12 முதல் 16 மணித்தியாலம். புள்ளி போடுவது உதவியாளரின் வேலை அல்ல, வகுப்பைத் தனியே பொறுப்பெடுக்கவும் கூடாது. வகுப்பாசிரியர் கூடவே இருக்கவேண்டும். இங்கிலாந்திலிருந்து போகிறவர்களை பிரிட்டிஷ் கவுன்சில் அனுப்புகிறது. அமெரிக்கா, கனடாவிலிருந்தும் ஆயிரக்கணக்கில் இளம் பிள்ளைகள் போகிறார்கள். கற்பித்தல் பயிற்சி கட்டாயமில்லை. வாயில் ஆங்கிலம் இருப்பதே முக்கியம்.

எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. பயிற்சிக் கலாசாலை, 34 வருடச் சேவை, கைநிறையச் சிவப்புப் பேனை, இவ்வளவும் என்னிடம் இருந்தன. வாயில் ஆங்கிலம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது, பூட்டிய அலுமாரிக்குள் இருப்பதுபோல.

இதற்குப் போரைச் சாட்டலாம். 1990 ஜூனில் ஊர் முழுதும் இடம்பெயர்ந்தது. பிறகு மல்லாகம், சுன்னாகம் பக்கத்து முகாம்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. கிடுகுக் கொட்டிலில் இரண்டு வகுப்புக்கு ஒரு கரும்பலகை வைத்துப் படிப்பித்தோம். ஆனால் பேச்சு வராததற்குக் கொட்டில் காரணமில்லை. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு இரண்டு வினாத்தாள், இரண்டும் எழுத்து. வாயைத் திறக்காமலே அதிவிசேட சித்தி எடுக்கலாம். என் மாணவர் சிலர் எடுத்தார்கள், நானும் பெருமைப்பட்டேன். ஆங்கிலம் பேசப் பயம் எங்களுக்கு மட்டுமல்ல; தெற்கே சிங்கள மாணவர் பேச்சில் ஆங்கிலத்துக்கு 'கடுவ' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு; வாள் என்று பொருள். 2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்குமான ஆண்டாக அரசு அறிவித்தபோது, 'நம்முடைய பாணியில் ஆங்கிலம் பேசுவோம்' என்பதே முழக்கம். நல்ல முழக்கம்தான். நான் அதைக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளைக் கொப்பியில் பார்த்தெழுதச் சொன்னேன்.

அவள் வேலை செய்தது வடமேற்கு மூலையில், கலீசியாவில், விகோ துறைமுகத்துக்குக் கிட்டவுள்ள ஒரு மீன்பிடி ஊரில். ஸ்பானிய மொழி தெரிந்தாலும் தெரியாததுபோல நட என்று முதல் நாளே சொல்லிவிட்டார்களாம். அப்போதுதான் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசுவார்கள் என்பது எண்ணம். பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசவில்லை. சும்மா சிரித்தார்கள். இரண்டு மாதம் அவள் ஒலிநாடாபோல வாசித்தாள், அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். 'ஸ்கூல்' என்று அவள் சொன்னால் 'எஸ்கூல்' என்று திரும்பி வந்தது. நம் பழைய ஆட்கள் 'இஸ்கூல்' என்பார்கள் அல்லவா, அதே சங்கடம். சொல்லின் தலையில் ஸகரமும் இன்னொரு மெய்யும் ஒட்டி நிற்பதை அந்த மொழியும் பொறுக்காது, தமிழும் பொறுக்காது.

கதை திரும்பியது சாப்பாட்டு அறையில். அங்கே சமைக்கும் வயதான அம்மா வீட்டில் கலீசிய மொழி பேசுகிறவர். சர்வாதிகாரி பிராங்கோவின் காலத்தில், 1975 வரை, பள்ளிக்கூட வகுப்பில் அந்த மொழிக்கு இடமில்லை. அந்த அம்மா ஒருநாள் ஒரு கதிரையை இவள் பக்கம் இழுத்து வைத்து, 'கதெய்ரா' என்று காட்டி இருக்கச் சொன்னார். இவள் திடுக்கிட்டுப் போனாள். கதிரை! லண்டன் வீட்டில் அப்பம்மா சொல்லும் சொல். பிறகு யன்னலைக் காட்டிக் கேட்டாள். 'ஷனேலா'. காலில் போட்டிருந்த சப்பாத்தைக் காட்டிக் கேட்டாள். 'தப்பாத்தோ'. மேசை 'மேசா', பாண் 'பான்', வாங்கு 'பாங்கோ'.

கலீசிய மொழியும் போர்த்துக்கீசமும் ஒருவயிற்றுப் பிள்ளைகள். போர்த்துக்கீசர் 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள், 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். நாற்பது வருடம்கூட நிறையவில்லை. கோயில்களை இடித்துவிட்டு, எங்கள் வீட்டுக்குள் கதிரை போட்டுவிட்டுப் போனார்கள். அந்தச் சொற்கள் என் அம்மாவோடு விமானமேறி லண்டன் போய், பேத்தியின் வாயில் ஏறி, புறப்பட்ட கரைக்குப் பக்கத்திலேயே இறங்கியிருக்கின்றன.

அந்தக் கிழமை வகுப்பில் அவள் விதியை மீறினாள். இந்தச் சொற்களைக் கரும்பலகையில் தமிழில் எழுதி, உங்கள் ஊர் மொழியில் இதற்கு என்ன என்று உடைந்த ஸ்பானியத்தில் கேட்டாள். அவள் தடுமாறுவதைப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்கு வாய் திறந்ததாம். அவளுக்கு விளங்கவேண்டுமே என்று ஆங்கிலத்தைத் தேடினார்கள்.

இதைக் கேட்ட இரவு எனக்கு நாவலர் ஞாபகம் வந்தார். மயிலிட்டியிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருக்கிறது தெல்லிப்பழை. 1816இலேயே அமெரிக்க மிசன் பாதிரியார் டானியல் பூவர் வந்து இறங்கிய இடம். ஆங்கிலம் எங்களுக்குப் புதிசல்ல. வெஸ்லியன் மிசன் பள்ளிக்கூடத்தில் படித்து அங்கேயே படிப்பித்த ஆறுமுக நாவலர், பார்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் தமிழ்ப் பண்டிதராக உதவினார். அதுவும் பக்கத்துக் கதிரைதான். 1848இல் அந்தக் கதிரையை விட்டெழும்பி வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பள்ளிக்கூடம், பிரசங்கம், அச்சுக்கூடம் எல்லாம் பாதிரிமாரின் பக்கத்திலிருந்து பார்த்த வித்தைகள். பார்சிவலுக்கு வேண்டியது தமிழ். நாவலர் எடுத்துக்கொண்டது அவர் கொடுக்க நினைக்காத ஒன்று. உதவியாள் வேலையில் யார் யாருக்கு உதவினார் என்று ஒரு நாளும் கணக்குப் பார்க்க முடிவதில்லை.

மயிலிட்டித் துறைமுகக் காணி இராணுவத்திடமிருந்து விடுபட்டது 2017 ஜூலையில், 27 வருடம் கழித்து. எங்கள் வீட்டில் அத்திவாரமும் கிணறும்தான் மிச்சம். பிறகு கட்டிய சின்ன வீட்டின் விறாந்தையில், பின்னேரங்களில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். பெறாமகள் வந்த கிழமை அவளையும் இருத்தினேன். என் கணக்கில் நான் ஆசிரியன், அவள் உதவியாள்.

எட்டாம் வகுப்புப் பெடியன் ஒருவன், கடற்றொழிலாளியின் மகன். தகப்பன் என்ன செய்கிறார் என்று அவள் கேட்க, "மை பாதர் கோ சீ" என்றான். "கோஸ். கோஸ் ரு த சீ" என்றேன் நான். என்னை அறியாமல் வந்துவிட்டது. பெடியன் தலையைக் குனிந்தான். பிறகு அன்று முழுதும் அவனிடமிருந்து ஒரு சொல் வரவில்லை.

பிள்ளைகள் போனபின் அவள் சத்தம் போடவில்லை. "சித்தப்பா, நாளைக்கு நீங்க அந்த மற்றக் கதிரையில இருங்கோ" என்றாள். "பிள்ளை பிழையாச் சொன்னா மனசுக்குள்ள பத்து எண்ணுங்கோ. பத்து முடிஞ்சாப் பிறகு சொல்லுங்கோ."

எண்ணிப் பார்த்தேன். மூன்றிலேயே நாக்கு துடிக்கிறது. இவ்வளவு காலமும் பிள்ளைகளின் பிழை எனக்கு வேலை கொடுத்திருக்கிறது, மரியாதை கொடுத்திருக்கிறது. அதைத் திருத்தாமல் விட்டால் நான் அங்கே எதற்கு? பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. அவளுடைய தமிழ் படுமோசம். பிள்ளைகளுக்கு அதுதான் வசதி. அவள் 'மலை பெய்யுது' என்றதும் விறாந்தையே சிரித்தது. தங்களைவிடத் தடுமாறும் ஒரு பெரிய ஆளைக் கண்டதில் அவர்களுக்குக் கூச்சம் விட்டுப்போயிற்று. எனக்குத்தான் அவர்கள் முன்னால் ஒரு நாளும் தடுமாற மனம் வந்ததில்லை.

அவள் புறப்படுவதற்கு முதல் நாள் எல்லோரும் துறைமுகம் வரை நடந்தோம். வாடை தொடங்கிவிட்டது. அலை கல்லணையில் அடித்து உப்புத் தூவானம் முகத்தில் பட்டது. உள்ளே, பிடிபட்ட தமிழ்நாட்டு றோலர்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. அவற்றைக் காட்டி அவள் ஆங்கிலத்தில் என்னவென்று கேட்டாள்.

அந்தப் பெடியன்தான் முன்னுக்கு வந்தான். "இந்தியா போட். கோர்ட் கேஸ்."

ஒன்று. இரண்டு. மூன்று.

"யுவர் பாதர்ஸ் போட்?" என்று அவள் கேட்டாள்.

அவன் கரையில் ஏற்றி வைத்திருந்த நீல வள்ளத்தைக் காட்டினான். கடலைக் காட்டினான். இரண்டு கையையும் விரித்துச் சுழற்றி, உடம்பைச் சரித்து, காற்றாகவே ஆகி நின்றான். "வாடை கம். வள்ளம் நோ கோ."

ஏழு. எட்டு.

"வல்லம்?" என்றாள் அவள்.

"வல்லம் இல்லை, அக்கா." பெடியன் வாயைப் பெரிதாகத் திறந்து, நாக்கு நுனியை மேலே மடித்துக் காட்டினான். "வள்ளம். ள். ள்."

அவளும் வாயைத் திறந்தாள்.