முயற்சியின் அளவு

முயற்சிக்கு அளவு வகுப்பது முயற்சியையே அவமதிப்பதாகாதா என்னும் ஐயம் சாதனையில் ஈடுபட்ட எவர்க்கும் ஒரு காலத்தில் எழுவது இயல்பு. நுவரெலியாவில் நெடுந்தூர ஓட்டம் பயிலும் இளைஞன், நாடித்துடிப்பை எண்ணி வலயம் வகுத்துக்கொண்டு ஓடும்படி சொல்லப்படுகையில், அந்த ஐயத்தையே வேறு உருவில் சந்திக்கின்றான். மூச்சு முட்டாத ஓட்டமும் ஓர் ஓட்டமா என்பது அவன் கேள்வி.

இதற்குப் பழைய விடையொன்று பௌத்த நூல்களில் உண்டு. செல்வர் மகனாகிய சோணர் துறவு பூண்டு, இராசகிருகத்தை அடுத்த சீதவனத்தில் பாதங்களில் குருதி கசியும்வரை நடைத்தியானம் செய்தும் பயன் காணாது, இல்லறத்துக்கே மீண்டுவிடலாமா என்று மனந்தளர்ந்த வேளையில், புத்தர் வந்து, அவர் முன்னாளில் வாசித்த வீணையைப் பற்றி வினவினார். தந்தி மிஞ்சி முறுகினாலும் தளர்ந்தாலும் நாதம் பிறவாது என்பது சோணருக்குத் தெரிந்தே இருந்தது. இக்கதையை நடுவழியின் புகழ்ச்சியாக மட்டும் வாசிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சுருதி கூட்டுகிறவன் தன் மடியிலுள்ள வீணையின் ஒலியைக் கேட்டுக்கேட்டுத்தான் முறுக்காணியைத் திருப்புகிறான்.

ஓடுகிறவனின் நாடிக்கும் அவ்வாறே பொது அளவு போதாது. 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத்துடிப்பு கிடைக்கும் என்னும் பிரசித்தமான சூத்திரம் பலருடைய சராசரி. தனிமனிதரில் அது பத்துப் பன்னிரண்டு துடிப்பு பிசகுவது சாதாரணம். பின்லாந்து அறிஞர் கார்வோனன் தம் சகாக்களுடன் 1957இல் வெளியிட்ட ஆய்வின் வழிவந்த முறையோ ஓய்வுத்துடிப்பையும் கணக்கில் சேர்க்கின்றது. விடியலில் பாயை விட்டு எழுமுன் மணிக்கட்டில் இருவிரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க, உச்சம் 180 உடைய இருவரில் ஒருவர்க்கு 60உம் மற்றவர்க்கு 76உம் வருமாயின், உச்சத்துக்கும் ஓய்வுக்கும் இடையிலுள்ள தொகையின் 60 முதல் 70 விழுக்காட்டை ஓய்வுத்துடிப்போடு கூட்டும்போது, முன்னவரின் நிதான ஓட்டம் 132க்கும் 144க்கும் இடையிலும், பின்னவருடையது 138க்கும் 149க்கும் இடையிலும் அமையும். அவரவர்க்கு உரிய அறமாகிய சுதர்மத்தைப் பற்றிய கீதையின் விசாரத்துக்கு உடலே எடுத்துத்தரும் உதாரணமாக இதை நான் கொள்கிறேன். கொழும்பிலிருந்து நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்துக்கு வந்திறங்கியவனுக்கோ, கிரகரி வாவிக்கரையின் சமதரையிலேயே முதல் நாட்களில் துடிப்பு ஏறிவிடும்.

ஏற்றத்தில் அந்தத் துடிப்பளவுக்குள் நிற்க வேண்டுமானால் ஓட்டத்தை விட்டு நடக்க நேரும்; பின்னால் வந்தவன் முந்திச் செல்வதைக் கண்டும் நடையை மாற்றாதிருப்பதே இப்பயிற்சியின் கடுந்தவம், ஏனெனில் அங்கே தேய்வது அகங்காரம். மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை நல்லதண்ணி வழியே சிவனொளிபாத மலை ஏறும் முதியவர்கள், வாய்விட்டு நாமம் சொல்லும் அளவுக்கு மூச்சை மிச்சம் வைத்துப் படியேறும் நடையில், எவரும் போதியாமலே இதைக் கைக்கொள்கின்றனர்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. அதே சரிவுகளில், கூடையின் கயிறு நெற்றியை அழுத்தத் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு விதிக்கப்படும் நிறை, அவள் வயதையும் பிணியையும் பார்த்து விதிக்கப்படுவதில்லை. தராசில் அது குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதி நாட்கூலிதான், விழும். ஓடுகிறவன் தன் நாடி சொன்னபடி நடையைத் தளர்த்தலாம், அவளோ கூலியை இழந்துதான் தளர்த்த முடியும். அவரவர் அளவு அவரவர் உடலிலிருந்தே எழவேண்டும் என்று நம்புகிற எவரும், அந்த நிறை எவருடைய நாடியைத் தொட்டு வகுக்கப்பட்டது என்று தோட்டத்தாரைக் கேட்கக் கடமைப்பட்டவராவர்.